வளையத்துக்குள் வேப்பிலை

மேல்மலையில் பூண்டு விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு, கிறிஸ்துமஸுக்கு வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் மாட்டும் பச்சை வளையம் கட்டுவது பெரிய வித்தை இல்லை. பூண்டைத் தாளோடு பிடுங்கிக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்ப்போம். ஒரு பிடியின் தாளை அடுத்த பிடியின் தலை மறைக்கிற மாதிரி அடுக்கி, நார் போட்டு இறுக்கி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவோம். வளையமும் அதே வேலைதான். பேரி மரத்து இளங்குச்சிகளை வளைத்து வட்டமாகக் கட்டிக்கொண்டு, பூண்டு வைக்கும் இடத்தில் சைப்ரஸ் கொத்தை வைக்க வேண்டும். ஆனால் நாங்கள் வேலை பார்த்த போர்டிங் வீட்டு மிஸ்ஸியம்மா, நான் என்னவோ மந்திரம் போட்டு வரவழைத்தது மாதிரி, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருப்பார்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். கொடைக்கானலில் ஏரிக்கு மேலே, சரிவில் இருந்தது அந்த வீடு. சீசனில் நிரம்பி வழியும், மழைக்காலத்தில் காலியாகிவிடும், மறுபடி கிறிஸ்துமஸுக்குக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு ஏறி வரும். என் வீட்டுக்காரருக்கு அங்கே சமையல் வேலை. எனக்குப் பெருக்குவது, துடைப்பது, படுக்கை விரிப்பது. பின்பக்கம் தோட்டத்து ஓரமாக இரண்டே அறை. ஒன்றில் நாங்களும் எங்கள் நாலு வயது மகளும். அடுத்ததில் தோட்டக்காரரும் அவர் மனைவியும்.

மிஸ்ஸியம்மா கல்யாணம் செய்துகொள்ளாதவர், வயதானவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் அச்சடித்த தமிழ். "பால் பொங்கிவிட்டதா? இறைச்சி வெந்துவிட்டதா?" என்று அவர் கேட்கும்போது என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அந்த அம்மாளின் கண் ஒரு தூசியைக்கூடத் தப்பவிடாது. எனக்கு அவரிடம் பயம்தான்.

அந்த வருஷம் பனி வெள்ளனவே இறங்கிவிட்டது. காலையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். வாளித் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் போகும். விருந்தாளிகள் வருவதற்கு நாலைந்து நாள் முன்பு மிஸ்ஸியம்மா என்னைக் கூப்பிட்டு, "ரீத் கட்டிவிடு" என்றார். அந்த வளையத்துக்கு இங்கிலீஷில் அதுதான் பேர். காலையிலேயே சரிவில் இறங்கிச் சைப்ரஸ் கிளையும் தைலமரக் கொத்தும் ஒடித்து வந்தேன். பைன் காய்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டேன். வேலியோரத்துச் சிவப்புப் பழங்களைக் குருவிகள் தின்று மிச்சம் வைத்திருந்ததைக் கொய்துகொண்டேன்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து கட்டினேன். மிஸ்ஸியம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்னும் சற்றுத் தளர்வாக இருந்தால் அழகாக இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தளர்வாகக் கட்டினால் முதல் காற்றுக்கே எல்லாம் உதிரும், அப்போது திட்டு வாங்குவது நானா அவரா? தலையை ஆட்டிக்கொண்டே என் இஷ்டப்படி இறுக்கிக் கட்டினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பைன் காயை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கொடுப்பதை நிறுத்திவிட்டு என் தொடையில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். சேலையையும் மீறிச் சூடு தெரிந்தது. பனியில் அலைந்தாளே, சளிக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். முன்வாசல் கதவில் வளையத்தை மாட்டிவிட்டு வந்து சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் முகம் துடைத்துவிடும்போதுதான் பார்த்தேன். நெற்றியில் முடி தொடங்குகிற இடத்தில் ஒரு முத்து. காதுக்குப் பின்னால் ஒன்று. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் நெஞ்சிலும் முதுகிலும் பொரிந்து கிடந்தது.

"ஏங்க, இங்க வாங்க. புள்ள நெத்தியப் பாருங்க" என்றேன்.

அவர் பார்த்தார். முதலில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகுதான் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த வரிசை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

"யாருகிட்டயும் மூச்சு விடாத."

"ஆத்தா வந்திருக்கா. வாசல்ல வேப்பிலை கட்டணும்ங்க."

"கட்டுனா? மிஸ்ஸியம்மா பாப்பாங்க, தோட்டக்காரரு பாப்பாரு. பொழுது சாயுமுன்ன புள்ளையக் கொட்டகைக்குத் தூக்கிருவாங்க. இந்தப் பனியில அது தாங்குமா? நீயே சொல்லு."

நான் என்னத்தைச் சொல்ல? ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அம்மை கண்டவர்களை அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள். முந்தின குளிர்காலத்தில் ஒரு சுமைகூலிக்காரர் குடும்பத்தை அப்படித்தான் கொண்டுபோனார்கள். நாலு பக்கமும் காற்று, மேலே தகரம், கீழே ஈர மண். அவர்கள் திரும்பி வந்தபோது கையில் குழந்தை இல்லை. அந்தத் தாய் கடைவீதியில் நடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். என் மகளை அங்கே விடமாட்டேன். அன்றைக்கு என் புத்தியில் இருந்தது அது ஒன்றுதான்.

இது பெரியம்மையா சின்னம்மையா என்று எங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மகளுக்கு அம்மை குத்தியிருந்தார்கள், ஆனால் அது சரியாகப் பிடிக்கவில்லை என்று குத்தினவரே சொல்லியிருந்தார். மறுபடி வரச் சொன்ன நாளில் அவரும் வரவில்லை, நாங்களும் தேடிப் போகவில்லை.

எதுவாக இருந்தாலும் வேப்பிலை இல்லாமல் எனக்கு ஓடாது. மலையில் வேப்பமரம் கிடையாது. வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வர வேண்டும். கீழே ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் பத்துக் காரணம் சொல்லலாம். மலை ஏறி வேப்பிலை வருகிறது என்றால் ஒரே காரணம்தான், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் தெரிந்த கண்டக்டரிடம் அரிசியில் வண்டு விழுகிறது என்று பொய் சொல்லி, சாயங்கால பஸ்ஸில் தேங்காய்ச் சாக்குக்குள் வைத்து ஒரு கட்டு வரவழைத்தார். அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார். பயந்த மனுஷர்தான், கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்குக் காலையும் மாலையும் ஒன்றும் நடக்காத மாதிரி போர்டிங் வீட்டு அடுப்படியில் நின்று சமைத்தார். அதை நினைத்து எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் அவர் போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்ற நடுக்கம்.

வளையத்துக்குள் வைத்துக் கட்டிவிடலாம் என்ற யோசனை என்னுடையது. வருஷா வருஷம் மிச்சக் கிளைகளை வைத்து எங்கள் கதவுக்கும் ஒரு சின்ன வளையம் கட்டுவேன், மகள் அழுது அடம்பிடிப்பாள் என்பதற்காக. இந்த வருஷமும் கட்டினால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. உள்ளே வேப்பிலை, மேலே சைப்ரஸ். ஆத்தாவுக்கு வைக்க வேண்டியதை வைத்தாயிற்று, மனுஷர் கண்ணுக்குக் கிறிஸ்துமஸ்.

"கெட்டிக்காரி" என்றார் அவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? வாயை மூடிக்கொண்டு கரி அள்ளிப் போடுங்கள் என்றேன்.

மறுநாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம், ஆத்தா வீட்டில் இருக்கும்போது கத்தி, அரிவாள் தொடமாட்டோம். எதையும் தாளிக்கமாட்டோம், தலை சீவமாட்டோம். அதனால் கிளைகளைக் கையாலேயே ஒடித்தேன். விரல் நுனியெல்லாம் பிசின். முதல் அடுக்கு வேப்பிலை, சுற்றி நார். அதற்கு மேல் சைப்ரஸ் கொத்துகள், ஒன்றின் அடியை இன்னொன்றின் தலை மூடுகிற மாதிரி. வேப்பிலை மெலிசு. எங்கே விட்டாலும் ரம்பப் பல் நுனியை வெளியே நீட்டியது. நீட்டின இடத்தில் எல்லாம் இன்னொரு கொத்தை வைத்து அடைத்து இறுக்கினேன். பூண்டுக்குக்கூட அப்படி முடிச்சுப் போட்டதில்லை.

நடுநடுவே மகள் நெஞ்சைச் சொறியக் கையைக் கொண்டுபோவாள், எழுந்து போய்ப் பிடித்துக்கொள்வேன். உடம்புக்குக் குளிர்ச்சி கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அந்தப் பனியில் அவளுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. மோரைக் கொடுப்பதா வெந்நீரைக் கொடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் கலந்தமாதிரி வெதுவெதுப்பாக ஒரு கஞ்சியைக் கொடுத்தேன். ஆத்தா கோபித்துக்கொண்டால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிக்கொண்டேதான் கொடுத்தேன்.

வளையத்தைக் கதவில் மாட்டிவிட்டு நாலு எட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்போது தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்தவர் நின்று, "நல்லாருக்கே" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னைக்கு வருது. பெரும்பாறையில இருந்து காலை வண்டியில ஏத்திவிட்டிருக்காங்க."

அவர் மனைவிதான். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனவள், பிள்ளையோடு திரும்பி வருகிறாள். அவள் அப்பா அம்மா காப்பித் தோட்டத்துக் கூலிகள். கல்யாணமாகி மலை ஏறி வந்த நாளிலிருந்து அவளுக்கு நான்தான் அக்கா, எனக்கும் அவளை விட்டால் பேச்சுத் துணை இல்லை. அவர்கள் அறைக் கூரை ஒழுகும். ஈரக் காலத்தில் பகல் முழுக்க என் அடுப்பைக் கட்டிக்கொண்டுதான் இருப்பாள். வந்து இறங்கியதும் அவள் கால் தன் வீட்டுக்குப் போகாது, என் வீட்டுக்குத்தான் வரும். நேற்றுவரை நான் விரல் மடக்கி எதிர்பார்த்திருந்த வரவு அது. அன்றைக்குத் தோட்டக்காரர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வாசலில் வேப்பிலை கட்டுவது ஆத்தாவுக்கு மட்டும் இல்லை. போகிற வருகிறவர்களுக்கு நில் என்று சொல்வதும் அதுதான். பிள்ளை பெற்றவள், வயிற்றில் பிள்ளை இருப்பவள், இலையைப் பார்த்ததும் தெருவிலேயே ஒதுங்கிப் போய்விடுவாள். யாரும் யாரிடமும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. நான் ஒளித்து வைத்தது அந்த இலையைத்தான். சரி, அவள் வரும்போது தாழ் போட்டுக்கொள்வோம், தலைவலி என்று உள்ளிருந்தே சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்தேன்.

தீர்மானம் கரிப்புகையில் போயிற்று. மூடிய அறையில் புகை சூழ்ந்து மகளுக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தேன். திறந்து நிமிர்ந்தால் எதிரே பாதையில் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். கம்பளிக்குள் பிள்ளையைப் பொதிந்துகொண்டு அவள். கூடவே கோட்டு மாட்டிக்கொண்டு மிஸ்ஸியம்மா. பிள்ளைகள் என்றால் அந்த அம்மாளுக்கு உயிர். கேட் வாசலிலேயே பார்த்துவிட்டுத் தானும் கூட வந்திருக்கிறார்.

"அக்கா, இந்தாருங்க, யாரு வந்திருக்கான்னு" என்றாள் அவள். பிறகு கதவைப் பார்த்தாள். "நமக்கும் வளையமா? துரை வீடு கணக்கா இருக்கே."

நான் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு குறுக்கே நின்றேன். விளையாட்டுக்கு மறிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். "வழி விடுங்கக்கா. கைகால் வெறச்சுப்போச்சு. இவனுக்கும்தான்."

"ஏன் நிற்கிறாய்? குழந்தைக்குக் குளிரும். உள்ளே அழைத்துக்கொள்" என்றார் மிஸ்ஸியம்மா.

தூரத்தில் அடுப்படி வாசலில் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். அங்கிருந்தே தலையை ஆட்டினார். சொல்லிவிடாதே என்று அர்த்தம். எனக்குப் பின்னால் மகள் முனகினாள்.

"பாப்பாவுக்கு என்ன?" என்றார் மிஸ்ஸியம்மா.

"சளிங்கம்மா. தூங்குது."

"பாப்பாவப் பாத்து எத்தன மாசமாச்சு" என்று சொல்லிக்கொண்டே அவள் படியில் கால் வைத்துவிட்டாள்.

வாயைத் திறந்தால் மிஸ்ஸியம்மா காதில் விழும். விழுந்தால் கொட்டகை. திறக்காவிட்டால் கம்பளிக்குள் இருக்கிற அந்தச் சின்ன உயிர் என் மகள் பக்கத்தில் வந்து கிடக்கும். பிடித்துத் தள்ளினாலும் அவள் போகமாட்டாள், என்னக்கா ஆச்சு என்று கூடத்தான் வருவாள். இதையெல்லாம் அப்போது இப்படி வரிசையாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். என் கை வளையத்துக்குப் போயிற்று. சைப்ரஸைப் பிய்த்தேன்.

பிய்த்தால் வரவில்லை. அப்படி இறுக்கி வைத்திருந்தேன். என் முடிச்சை நானே சபித்துக்கொண்டு வளையத்தைக் கதவிலிருந்து இழுத்து, நாரைப் பல்லால் கடித்தேன். பிசின் கசந்தது. கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் படியில் போட்டேன். "என்ன செய்கிறாய் நீ?" என்று மிஸ்ஸியம்மா கேட்பது எங்கேயோ கேட்டது. வேப்பிலை தெரிந்ததும் வளையத்தை மறுபடி ஆணியில் மாட்டி, கையை எடுத்தேன்.

அவள் பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து போகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. படியில் வைத்த காலை எடுத்தாள். முந்தானையை இழுத்துப் பிள்ளை முகத்தை மூடினாள். முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நாலைந்து எட்டு வைத்து, ஒரு கையை மட்டும் நெற்றிக்குத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, திரும்பி விறுவிறுவென்று போய்விட்டாள்.

எனக்கு உள்ளூர ஒரு நப்பாசை இருந்தது. வெள்ளைக்கார அம்மாளுக்கு இலையில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? சமையல்காரன் பெண்டாட்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போகட்டும். மிஸ்ஸியம்மா வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து என் தோளுக்கு மேலாக இருட்டுக்குள் பார்த்தார்.

"நான் திண்டுக்கல்லில் பிறந்தவள்" என்றார். "என் தம்பி படுத்திருந்தபோது எங்கள் ஆயா இதே இலையைக் கதவில் கட்டினாள். அவன் பிழைக்கவில்லை. எத்தனை நாளாக?"

நிலையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து முத்து தெரிஞ்சதும்மா. காய்ச்சல் முந்தாநாளு" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். "நேற்றைக்கும் நீதான் சமைத்தாயா?" என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மிஸ்ஸியம்மா அதற்கு மேல் எதுவும் கேட்காமல் முன்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில், மகள் கை பட்ட அந்த முன்வாசல் வளையத்தைத் தானே கழற்றி எடுத்துக்கொண்டு வந்து, சருகு கொளுத்துகிற குழியில் போட்டு நெருப்பு வைத்தார். சைப்ரஸ் பச்சையாகவே பற்றிக்கொள்ளும், சடசடவென்று எரிந்தது. ஒரு நாள் வேலை எரிகிறதே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அடுத்தது எங்கள் பாயும் துணியும்தான், அதற்கடுத்து கொட்டகைதான் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஆள் போயிருந்தது. என் வீட்டுக்காரர் வந்து வாசலுக்கு வெளியே தள்ளி நின்றார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. கையாலயே குடியக் கெடுத்துட்ட."

"அந்தப் பச்சப்புள்ள உள்ள வந்திருந்தா?"

"வந்திருந்தா வந்திருக்கும். ஊருல எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதான். நம்ம புள்ளைய நெனச்சியா நீ?"

நினைத்தேனா? அந்த நேரத்தில் நான் நினைத்தது எந்தப் பிள்ளையை என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வந்து தூக்கினால் என்னையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். கொட்டகையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எந்தப் பக்கம் நான் உட்கார்ந்து மறைப்பது என்றெல்லாம் கணக்குப் போட்டேன். வெயில் சரிந்துகொண்டே வந்தது. பாதையில் எந்தக் காலடிச் சத்தம் கேட்டாலும் மகளை இறுக்கிக்கொண்டேன்.

டாக்டர் வந்தார். விளக்கைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி மகளின் உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு எல்லாம் பார்த்தார். அவசரமே படவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "சின்னம்மை" என்றார். கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை, இந்த அறையை விட்டு யாரும் வெளியே போகவும் கூடாது, உள்ளே வரவும் கூடாது. நான் அவர் காலில் விழுந்து அழுதேன். அவர் சங்கடப்பட்டுத் தள்ளி நின்றார்.

மிஸ்ஸியம்மா விருந்தாளிகளுக்கெல்லாம் வரவேண்டாம் என்று தந்தி கொடுத்துவிட்டார். அந்த வருஷம் போர்டிங் வீட்டில் விளக்கு ஒரே ஒரு ஜன்னலில்தான் எரிந்தது. தோட்டக்காரர் குடும்பத்தை எங்களை விட்டுத் தள்ளி, தோட்டத்துக் கோடியில் சாமான் போடுகிற அறைக்கு மாற்றினார். பாலும் கரியும் விடியுமுன் வாசல்படியில் வைக்கப்பட்டிருக்கும், நான் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வேன். யார் வைக்கிறார்கள் என்று பார்த்ததில்லை.

மகளுக்கு முத்து காயத் தொடங்கியது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. அவள் படியில் கால் வைத்திருந்தாளே, மகள் இருமிய புகை அந்த வாசல் வழியாகத்தானே போயிற்று. தினமும் விடிந்ததும் முதல் வேலையாக அந்தக் கோடி அறைக் கதவைப் பார்ப்பேன். பச்சையாக ஏதாவது தொங்குகிறதா என்று. பனிமூட்டத்தில் கதவே தெரியாத நாளில் மூட்டம் விலகும்வரை வாசலிலேயே நிற்பேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் நான் உள்ளே திரும்பும்போது என் முகத்தைப் பார்ப்பார்.

மகளுக்கு அம்மை இறங்கி, மூன்று தண்ணீரும் தலைக்கு ஊற்றி முடிந்தபிறகு மிஸ்ஸியம்மா வந்து பாதையில் நின்று கூப்பிட்டார். "நோய் வந்தது உன் குற்றம் அல்ல. அதை வைத்துக்கொண்டு என் அடுப்பில் நின்றாய். உன்னை இனி நான் வைத்துக்கொள்ள முடியாது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "நீ விரும்பினால் இருக்கலாம்" என்றார். புருஷனை அனுப்பிவிட்டுப் பெண்டாட்டி மட்டும் எந்த ஊரில் இருப்பாள்? அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும், இது மட்டும் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு மூட்டை கட்டினேன்.

மேல்மலைக்குத் திரும்ப என் வீட்டுக்காரருக்கு மனமில்லை. கீழே வத்தலக்குண்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டு வைத்திருந்தார். கிளம்பும்போது மகள் முகமெல்லாம் பொருக்கு உதிர்ந்த திட்டு, சீவாத தலை. நடக்கப் பலமில்லாமல் என் சேலையைப் பிடித்துத் தொங்கினாள். இரண்டு கையிலும் மூட்டை, அவருக்குத் தலையிலும் பாத்திரம். கேட்டுக்கு வெளியே கடைவீதி தொடங்குகிற இடத்தில் எங்களைப் பார்த்தவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். பழக்கப்பட்ட பால்காரர்கூட எதிர்ப்பக்கம் போனார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் உடம்பு கூசியது.

பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவள்தான், இடுப்பில் பிள்ளையோடு. வெயில் பட்டு அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். நான் முதலில் அவன் நெற்றியைத்தான் பார்த்தேன். பிறகு கன்னம், கழுத்து, சட்டைக்கு வெளியே தெரிந்த கை. எங்கும் ஒரு புள்ளி இல்லை.

"மூட்டையக் கீழ வைங்கக்கா" என்றாள். வைத்தேன். "இவனப் பிடிங்க. பாப்பாவால நடக்க முடியாது, பஸ்சு வரைக்கும் நான் தூக்கியாறேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டாள். என் மகளை, அந்தப் பொருக்கு முகத்தோடு, தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூட்டைகளில் ஒன்றைத் தானும் எடுத்துக்கொண்டு கடைவீதி நடுவாகவே நடந்தாள், யாரையும் பார்க்கவில்லை. நான் அவள் பின்னால் போனேன். பிள்ளை நினைத்ததைவிடக் கனமாக இருந்தான். எனக்குக் கண்ணை மறைத்தது, துடைக்கக் கை இல்லை.

பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். குடியைக் கெடுத்தவள் என்று சொன்ன நாளிலிருந்து என்னிடம் அவர் சரியாகப் பேசவில்லை. பெருமாள்மலை தாண்டி வளைவுகளில் இறங்கும்போது திரும்பாமலே கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் வரலல்ல?"

"வரல."

இரண்டு வளைவு போனது. மகள் என் மடியில் தூங்கிவிட்டாள்.

"நீ நல்லாப் பாத்தியா?" என்றார்.

"நல்லாப் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

அவர் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டார். வத்தலக்குண்டு வருவதற்குள் அதையே இன்னொரு தடவையும் கேட்டார்.